உயிலுக்கு 'புரோபேட்' கட்டாயமா? வக்கீலை தேடும் முன்பு எந்த சான்றிதழ் வேணும்னு பாருங்க!

அம்பை:-

வீட்டுப் பெரியவர் இறந்து, 16-ம் நாள் காரியம் முடிந்ததுமே பேச்சு ஆரம்பித்துவிடும். "அப்பா பேர்ல இருக்கிற வீட்டை என்ன செய்ய? பேங்க்ல கிடக்கிற பணத்தை எப்படி எடுக்க?" என்று மகன்கள் கேட்பார்கள்.

"கோர்ட்டுல புரோபேட் வாங்கணும் அண்ணாச்சி. அதுக்குன்னு தனி வக்கீல் இருக்காங்க" என்பார் ஒருவர். "சக்சஷன் சர்டிபிகேட் இல்லாம ஒத்தப் பைசா எடுக்க முடியாது" என்பார் இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர் வருவார். "ஆபீஸ்ல எல்லாம் நமக்கு தெரிஞ்ச ஆளுதான். நான் முடிச்சு தாரேன். செலவுக்கு மட்டும் குடுங்க" என்பார். உஷாராக இருக்க வேண்டியது இந்த மூன்றாவது ஆளிடம்தான்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வி.கே.புரம், வீரவநல்லூர் பகுதி குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்கு புரோபேட் என்பதே தேவைப்படாது. பல பேருக்கு கோர்ட்டு வாசலை மிதிக்கிற வேலையும் இருக்காது. தாலுகா ஆபீசோடு முடிகிற காரியத்துக்கு வக்கீல் பீஸ் கட்டுவதும், கோர்ட்டுக்கு கட்டாயம் போக வேண்டிய காரியத்தை புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதும்தான் நஷ்டம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மூன்று பேப்பர், மூன்று வேலை

வாரிசு சான்றிதழ், சக்சஷன் சர்டிபிகேட், புரோபேட் என்ற மூன்றையும் ஒன்றாக போட்டுக் குழப்பிக் கொள்கிறவர்கள் அதிகம். பெயர்தான் ஒன்று போல தெரிகிறது. கொடுக்கிற இடம் வேறு, வேலையும் வேறு.

வாரிசு சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார். இறந்தவருக்கு யார், யார் வாரிசு என்று சொல்கிற பேப்பர் இது. இ-சேவை மையத்தில் மனு போட்டால் கிராம நிர்வாக அதிகாரி, வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பிறகு கிடைக்கும். இறப்பு சான்றிதழ், ரேஷன் கார்டு, வாரிசுகளின் ஆதார் ஆகியவை வேண்டும். அரசு கட்டணம் ரூ.60 தான். வக்கீல் தேவையில்லை.

சக்சஷன் சர்டிபிகேட் கொடுப்பது கோர்ட்டு. 1925-ம் வருட இந்திய வாரிசுரிமை சட்டத்தின் 372-வது பிரிவில் மனு போட வேண்டும். இறந்தவருக்கு வர வேண்டிய கடன், வங்கி டெபாசிட், ஷேர் போன்ற பண விவகாரங்களுக்கு மட்டும்தான் இது. வீடு, வயலுக்கு செல்லாது. இது தெரியாமல் "நிலத்துக்கு சக்சஷன் எடுத்துத் தாங்க" என்று வக்கீலிடம் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, புரோபேட். உயில் இருந்தால் மட்டுமே இந்தப் பேச்சு. "இந்த உயில் உண்மையானது, இறந்தவர் எழுதியதுதான்" என்று கோர்ட்டு முத்திரை போட்டு கொடுப்பது புரோபேட். அதையும் எல்லோரும் கேட்க முடியாது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்பட்டுள்ளதோ அவருக்குத்தான் கொடுப்பார்கள். கோர்ட்டு பாஷையில் அவர் 'எக்சிகியூட்டர்'. அப்படி ஒருவர் பெயரை உயிலில் எழுதாமல் விட்டிருந்தாலோ, உயிலே இல்லாவிட்டாலோ கோர்ட்டில் கேட்க வேண்டியது 'லெட்டர்ஸ் ஆப் அட்மினிஸ்டிரேஷன்' என்ற நிர்வாக உரிமை உத்தரவு.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? முன்னாள் முதல்-அமைச்சர் ஜெயலலிதாவின் சொத்து விவகாரத்தில் அடிபட்டது இதுதான். அவர் 2016 டிசம்பர் 5-ந் தேதி இறந்தார். உயில் எதுவும் வெளிவரவில்லை. அவரது சொத்துகளை நிர்வகிக்க உரிமை கேட்டு அ.தி.மு.க.வினர் 2 பேர் சென்னை ஐகோர்ட்டுக்கு போனார்கள். அண்ணன் பிள்ளைகளான தீபா, தீபக் இருவரும்தான் சட்டப்படி வாரிசு என்று 2020 மே மாதம் ஐகோர்ட்டு சொன்னது. போயஸ் கார்டன் வீட்டுச் சாவி அவர்கள் கைக்கு வந்தபோது 2021 டிசம்பர் ஆகிவிட்டது. முதல்-அமைச்சராக இருந்தவர் வீட்டுக்கே 5 வருஷம்.

புரோபேட் கட்டாயமா?

சென்னையில் இருக்கிற சொந்தக்காரர் போனில் சொல்வதைக் கேட்டுத்தான் இங்கே பலர் பதறுகிறார்கள். அவர் சொன்னதும் பொய் இல்லை. ஒரு காலத்தில் சென்னைக்காரர்களுக்கு அப்படித்தான் இருந்தது.

சென்னை நகரில், அதாவது ஐகோர்ட்டு நேரடியாக சிவில் வழக்கு விசாரிக்கும் எல்லைக்குள் ஒரு இந்து உயில் எழுதியிருந்தாலோ, அந்த எல்லைக்குள் உள்ள வீடு, மனை பற்றி எங்கிருந்து எழுதியிருந்தாலோ, புரோபேட் வாங்காமல் அந்த உயிலை வைத்து கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது என்று வாரிசுரிமை சட்டத்தின் 213-வது பிரிவு சொன்னது. மும்பை, கொல்கத்தாவுக்கும் அதே கதை. நெல்லை மாவட்டத்தில் எழுதி, நெல்லை மாவட்டத்திலேயே சொத்து உள்ள உயிலுக்கு அந்தக் காலத்திலும் இந்த கட்டாயம் கிடையாது. முஸ்லிம்களுக்கு எப்போதுமே கிடையாது. கிறிஸ்தவர்களுக்கு 2002-ல் விலக்கு கிடைத்தது.

2025 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்த 213-வது பிரிவையே எடுத்துவிட்டது. எனவே இப்போது சென்னையில் பிளாட் வாங்கிப் போட்டவருக்கும் புரோபேட் கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டவர்கள் வாங்கிக் கொள்ளலாம்.

கட்டாயம் இல்லை என்றால் உயிலை நிரூபிக்கவே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. யாராவது ஒரு வாரிசு எதிர்த்தால் கோர்ட்டில் நிரூபித்தே ஆக வேண்டும். உயிலில் 2 பேர் சாட்சி கையெழுத்து இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது உயிரோடு, வந்து சொல்லும் நிலையில் இருந்தால் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். ரிஜிஸ்டர் செய்த உயில் என்பதால் மட்டும் அது தானாக ஜெயித்துவிடாது. ரிஜிஸ்டர் செய்யவில்லை என்பதற்காக செல்லாமலும் போகாது.

மொத்த சொத்தும் யாருக்குப் போகிறதோ, அந்த ஆளே பக்கத்தில் நின்று உயில் எழுத வைத்திருந்தால் சந்தேகத்தை தீர்க்கும் பொறுப்பு அந்த ஆளுக்குத்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1959-லேயே சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரி கட்டிலில் கைநாட்டு வாங்கிய உயில்கள் கோர்ட்டில் தடுமாறுவது இதனால்தான்.

அப்பா உயில் எழுதினாரா, இல்லையா என்றே தெரியாத வீடுகளும் உண்டு. வில்லங்க சான்று போட்டுப் பார்த்துவிட்டு "உயில் ஒண்ணும் இல்ல" என்று முடிவு கட்டக்கூடாது. சார்பதிவாளர் ஆபீசில் உயிலுக்கு தனி புத்தகம். வில்லங்கத்தில் அது வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர்களுக்கு நகல் தர மாட்டார்கள். இறந்த பிறகு இறப்பு சான்றிதழோடு மனு போட்டால் நகல் கிடைக்கும்.

வி.கே.புரம் வீடு ஒன்று

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வி.கே.புரம் மில்லில் வேலை பார்த்தவர் இறந்துபோகிறார். மனைவி, வயதான தாய், 2 மகன்கள், கட்டிக்கொடுத்த ஒரு மகள் இருக்கிறார்கள். சொந்தமாக கட்டிய வீடு, கன்னடியன் கால்வாய் பாசனத்தில் 40 சென்ட் வயல், வங்கியில் ரூ.3 லட்சம், பி.எப். பணம் எல்லாம் இருக்கிறது. உயில் இல்லை.

இந்து வாரிசுரிமை சட்டப்படி அவர் சம்பாதித்த சொத்துக்கு 5 பங்கு. மனைவிக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று, பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்று. "பொம்பளப் பிள்ளைக்குத்தான் நகை போட்டு அனுப்பியாச்சே" என்ற வாதம் சட்டத்தில் எடுபடாது. பெற்ற தாய்க்கும் பங்கு உண்டு என்பதைத்தான் இங்கே பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். குடும்பம் கிறிஸ்தவ குடும்பமாக இருந்தால் கணக்கு மாறும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம்களுக்கு ஷரியத் கணக்கு.

பூர்வீக சொத்திலும் மகளுக்கு பங்கு உண்டு. தமிழ்நாடு அரசு 1989-லேயே அந்த உரிமையை கொடுத்தது. ஆனால் அப்போது கல்யாணமாகாத மகள்களுக்கு மட்டும்தான். நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் என்று 2005-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பருக்கு முன்பே முறையாக பாகம் பிரித்து முடித்திருந்தால் மட்டும் அதை கிளற முடியாது.

இந்த குடும்பம் முதலில் செய்ய வேண்டியது அம்பை தாலுகா ஆபீசில் வாரிசு சான்றிதழ் வாங்குவது. அதில் மகள் பெயரையோ, தாய் பெயரையோ விட்டுவிட்டால் பின்னால் எல்லாமே கோணலாகிவிடும். பெயர் விட்டுப்போனவர் சேரன்மகாதேவி சப்-கலெக்டரிடம் முறையிடலாம். யார் வாரிசு என்பதிலேயே தகராறு வந்துவிட்டால் தாசில்தார் தீர்த்து வைக்க முடியாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

வீட்டுக்கும் வயலுக்கும் வாரிசு சான்றிதழை வைத்து கூட்டுப் பட்டாவுக்கு மனு போடலாம். பட்டா பெயர் மாறியதும் சொத்து கைக்கு வந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. யாருக்கு எந்தப் பகுதி என்பது பாகப்பிரிவினை பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் செய்த பிறகுதான் முடிவாகும். ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் விடுதலைப் பத்திரம்.

இந்த விடுதலைப் பத்திரத்தில்தான் பெண்கள் நிதானிக்க வேண்டும். "ஒரு கையெழுத்துதானட்டி, பட்டா மாத்தத்தான்" என்று அண்ணன் கூப்பிட்டதும் கிளம்பிவிடக்கூடாது. பட்டா மாற்ற விடுதலைப் பத்திரம் தேவையே இல்லை. பேப்பரை வாசிக்கச் சொல்லி கேட்டுவிட்டு கையெழுத்து போடுவது அண்ணனை சந்தேகப்படுவது ஆகாது. வாரிசுகளில் 18 வயது நிரம்பாத பிள்ளை இருந்தால், இந்து குடும்பங்களில் அந்தப் பிள்ளைக்கு பிரிந்து வந்த பங்கை கோர்ட்டு அனுமதி இல்லாமல் தாய்கூட விற்க முடியாது.

வங்கிப் பணம், பி.எப். பணம்

வங்கிக் கணக்கில் நாமினி பெயர் இருந்தால் அவரிடம் பணத்தை கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை. சக்சஷன் சர்டிபிகேட் கொண்டுவா என்று கேட்கக்கூடாது. ரிசர்வ் வங்கி இதை 2005-லேயே சொல்லிவிட்டது.

நாமினி இல்லாவிட்டாலும் பெரிய தொகை வரை கோர்ட்டுக்கு போக வேண்டாம். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் போட்ட உத்தரவுப்படி, உயிலும் தகராறும் இல்லாத கணக்கில் சாதாரண வங்கிகளில் ரூ.15 லட்சம் வரையிலும், கூட்டுறவு வங்கிகளில் ரூ.5 லட்சம் வரையிலும் எளிய முறையில் கொடுக்க வேண்டும். வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை போதும். எல்லா பேப்பரும் கொடுத்த 15 நாளில் முடிக்க வேண்டும். வங்கி தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும். எல்லா வங்கிகளும் 2026 மார்ச் 31-க்குள் இந்த முறைக்கு வந்துவிட வேண்டும் என்பது கெடு. நாம் சொன்ன வி.கே.புரம் குடும்பத்தின் ரூ.3 லட்சத்துக்கு சக்சஷன் சர்டிபிகேட் தேவையில்லை என்பது இதில் தெரிகிறது.

நாமினி கையில் பணம் வந்தால் அது முழுக்க அவருக்கே சொந்தம் என்றும் ஆகாது. அவர் வாங்கி வைப்பவர்தான், பங்கு வாரிசுகளுக்கு என்று சுப்ரீம் கோர்ட்டு 1983-ல் ஒரு இன்சூரன்ஸ் வழக்கிலும், 2023 டிசம்பரில் ஷேர் வழக்கிலும் தீர்ப்பு சொன்னது. இன்சூரன்சில் மட்டும் 2015-ல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பாலிசி பணம் அவர்களுக்கே.

பி.எப்.பில் இன்னொரு சிக்கல். கல்யாணத்துக்கு முன்பு வேலைக்கு சேர்ந்தவர்கள் அப்போது எழுதிக்கொடுத்த நாமினியை அப்படியே விட்டுவிடுவார்கள். கல்யாணமாகி குடும்பம் வந்த பிறகு பழைய நாமினி செல்லாது. புதிதாக எழுதிக்கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே இறந்தால் பி.எப். பணம் தவிர ரூ.7 லட்சம் வரை இன்சூரன்ஸ் தொகையும் குடும்பத்துக்கு உண்டு. மில் தொழிலாளி, பீடி சுற்றும் பெண்கள் என பி.எப். பிடித்தம் உள்ள எல்லோருக்கும் இது பொருந்தும்.

மாஞ்சோலையில் இருந்து இறங்கிய குடும்பங்கள் கொஞ்சம் கூடுதலாக கவனிக்க வேண்டும். பாம்பே பர்மா கம்பெனி 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து தோட்ட வேலையை நிறுத்தியது. எஸ்டேட் ரெக்கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் பழைய விலாசம் என்று இருந்தால் வாரிசு சான்றிதழ் விசாரணையிலேயே இழுக்கும். ஆள் உயிரோடு இருக்கும்போதே பெயரையும், விலாசத்தையும் ஒன்றாக்கிவிடுவது நல்லது.

எப்போது வக்கீல் வேண்டும்?

உயிலை ஒருவர் எதிர்க்கிறார், பங்கு தர மறுக்கிறார்கள், வாரிசு யார் என்பதில் தகராறு, சொத்தை ஏற்கனவே வேறு ஆளுக்கு எழுதிவிட்டார்கள். இப்படி ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் வக்கீலை பார்க்க வேண்டும்.

'புரோபேட் வக்கீல்' என்று போர்டு போட்டு இங்கே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சிவில் வழக்கு நடத்தும் வக்கீல்தான் இதையும் பார்ப்பார். கிரிமினல் கோர்ட்டில் பெயர் எடுத்தவர் என்பதற்காக பாகப்பிரிவினை வழக்கை கொண்டுபோய் கொடுக்கக்கூடாது. வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் தடை போட்டிருக்கிறது. எனவே பாக வழக்கு நடத்தி முடித்த நாலு குடும்பங்களிடம் விசாரிப்பதுதான் ஒரே வழி. அம்பை கோர்ட்டுக்கு நேரில் போய் ஒருநாள் சிவில் வழக்கு நடப்பதை பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாலும் யார் எப்படி வாதாடுகிறார் என்பது தெரிந்துவிடும். யாரும் தடுக்க மாட்டார்கள்.

வழக்கு எந்த கோர்ட்டுக்கு போகும் என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். சொத்து மதிப்பைப் பொறுத்து பாகப்பிரிவினை வழக்கு அம்பையிலேயே முன்சீப் கோர்ட்டுக்கோ, சப்-கோர்ட்டுக்கோ போகலாம். புரோபேட் என்றால் பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட கோர்ட்டு. அப்பீல் போனாலும் சென்னைக்கு ஓட வேண்டாம். 2004 ஜூலை முதல் மதுரையிலேயே ஐகோர்ட்டு கிளை இருக்கிறது.

அடுத்து பீஸ். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் மாஞ்சோலை மலையை 99 வருஷ குத்தகைக்கு விட்டதே ஒரு கொலை வழக்கு செலவில் ஏறிய கடனால்தான் என்று இந்தப் பக்கம் பெரியவர்கள் சொல்வது உண்டு. ஜமீனுக்கே அந்த நிலைமை என்றால் 40 சென்ட் வயல்காரர் முதலிலேயே கணக்கு கேட்பதில் தப்பில்லை. வக்கீல் பீஸ் எவ்வளவு, கோர்ட்டு கட்டணம் எவ்வளவு, நகல் எடுக்க, பேப்பரில் விளம்பரம் கொடுக்க எவ்வளவு என்று தனித்தனியாக கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

"பீஸ் ஒண்ணும் வேண்டாம், ஜெயிச்சா சொத்துல பத்து சதவீதம்" என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடலாம். கிடைக்கும் சொத்தில் பங்கு கேட்பதும், ஜெயித்தால் இவ்வளவு என்று பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது.

மூலப்பத்திரத்தை கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிடக்கூடாது. ஆரம்பத்தில் ஜெராக்ஸ் போதும். கோர்ட்டில் ஒரிஜினல் தாக்கல் செய்யும்போது எதைக் கொடுத்தோம் என்று எழுதி கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வெறும் பேப்பரில் கையெழுத்து போடவே கூடாது. பீஸ் பாக்கி இருக்கிறது என்பதற்காக கட்சிக்காரரின் கேஸ் கட்டை வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்று 2000-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வக்கீல் மீது புகார் என்றால் சென்னையில் உள்ள பார் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். நுகர்வோர் கோர்ட்டுக்கு போக முடியாது என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு கதவை அடைத்துவிட்டது.

பணம் இல்லாதவர்களுக்கு

கோர்ட்டில் இயங்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 1987-ம் வருட சட்டப்படி பெண்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலை தொழிலாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வெள்ளைத்தாளில் மனு எழுதி, இறப்பு சான்றிதழ், ஆதார் நகலோடு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் விவரம் கேட்கலாம்.

வழக்கு போடும் முன்பே அண்ணன், தம்பிகளை கூப்பிட்டு பேச வைக்கச் சொல்லி இதே குழுவில் மனு கொடுக்க முடியும். அங்கு சமரசம் ஆகி மக்கள் நீதிமன்றத்தில் எழுதிவிட்டால் அது கோர்ட்டு தீர்ப்புக்கு சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது. ஏற்கனவே வழக்கு நடந்து கொண்டிருந்தால் கட்டிய கோர்ட்டு கட்டணமும் திரும்ப கிடைக்கும்.

வழக்கு தாக்கல் ஆனதும் 16 இலக்க சி.என்.ஆர். நம்பர் ஒன்று போடுவார்கள். அதை வக்கீலிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் இ-கோர்ட்ஸ் செல்போன் ஆப்பில் தட்டிப் பார்க்கலாம். அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்பது வீட்டில் இருந்தபடியே தெரிந்துவிடும்.